நிற்கும்போது நடுங்கும் கார்

வாகனம் என்றதும் "இது ஆண்களின் விஷயம்" என்று இந்தப் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். கராஜுக்குப் போகும் பணம் எங்கிருந்து போகிறது? பிள்ளைகளின் டியூஷனுக்கும் பெருநாள் உடுப்புக்கும் நீங்கள் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்ததிலிருந்துதானே! "எஞ்சினை இறக்கிச் செய்யவேண்டும்" என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதும். அந்த வருடத்துச் சேமிப்பு முழுவதும் அதற்குள் போய்விடும். ஆனால் அந்த நடுக்கத்துக்குக் காரணம் ஒரு பிளக்காக இருக்கலாம். வெயிலில் வெடித்துப்போன ஒரு சாண் றப்பர் குழாயாகவும் இருக்கலாம். பெரும்பாலும் இப்படிப்பட்ட சின்னக் காரணம்தான்.

வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு வீதிகளில் இன்று ஓடும் கார்களைப் பாருங்கள். பதினைந்து, இருபது வயதானவை எத்தனை! 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். திறந்த பிறகும் வரியோடு சேர்த்து விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. ஆகவே இருப்பதைப் பேணி ஓட்டுவதே பல வீடுகளின் நிலை. கிழமாகும் கார் முதலில் காட்டும் குணம், சிக்னலிலோ வீட்டு வாசலிலோ நிற்கும்போது உதறுவது. ஓடும்போது ஒன்றும் தெரியாது. நிறுத்தினால் ஸ்டியரிங் நடுங்கும், இருக்கை நடுங்கும், கண்ணாடியில் தெரியும் பின்வீதியும் சேர்ந்து நடுங்கும்.

மண்ணெண்ணெய்க் காலம்

வன்னிக்கு நடுங்கும் எஞ்சின் புதிதல்ல. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடை 2002 ஜனவரியில்தான் நீங்கியது. அந்தப் பன்னிரண்டு வருடங்களில் வவுனியாவுக்கு வடக்கே பெற்றோல் என்பது மருந்துபோல. போத்தலில் வரும், விலையைக் கேட்டால் நெஞ்சு அடைக்கும். மண்ணெண்ணெய் மட்டும் அளவோடு கிடைத்தது. அதைக் கொண்டே ஓடின கார்கள்! ஒஸ்டின் ஏ40, மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போர்ட், ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் என்று 1950களிலும் 60களிலும் பிரித்தானியாவில் பிறந்த கிழட்டுக் கார்கள். நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும், இடம்பெயர்ந்த குடும்பத்தைச் சட்டிபானையோடு ஏற்றிப்போனதும் இவைதான். வாசகிகளில் பலரின் குடும்பங்கள் 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் இருந்தபடியால் இதை நேரில் கண்டிருக்கமாட்டார்கள். கண்டவர்களுக்கு அந்தப் புகையும் நாற்றமும் இன்னும் மூக்கில் இருக்கும்.

பெற்றோல் எஞ்சின் மண்ணெண்ணெயில் எப்படி ஓடும் என்று கேட்பீர்கள். உங்கள் உம்மாவின் பிரைமஸ் அடுப்பை நினைத்துப் பாருங்கள். முதலில் கிண்ணத்தில் கொஞ்சம் ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்தி, தலையைச் சூடாக்கி, பிறகுதானே பம்ப் அடிப்பார்? சூடாக்காமல் பம்ப் அடித்தால் திரவமாகவே பீறிக்கொண்டு வந்து மஞ்சள் சுவாலையும் கரியுமாக எரியும். மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாகாது. காரிலும் இதே கதைதான். சாரதி கொஞ்சம் பெற்றோல் விட்டுக் கிளப்புவார், எஞ்சின் நன்றாகச் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். சூடு ஆறவிட்டால் மறுபடி பெற்றோல் தேவை. அதனால் நிறுத்துவதற்கே அஞ்சினார்கள்.

இது வன்னியில் மட்டும் கண்டுபிடித்த வித்தையும் அல்ல. ஃபெர்குசன் உழவு இயந்திரங்களில் ஒரு வகையைத் தொழிற்சாலையிலேயே இப்படித்தான் செய்தார்கள். பெற்றோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய் போன்ற ஒரு மலிவு எண்ணெய்க்கு மாற்றவேண்டும். புகைக்குழாயின் சூட்டைக் கொண்டே எரிபொருளை ஆவியாக்கும் அமைப்பும் அதில் இருந்தது. வன்னிச் சாரதிக்கு அப்படி எதையும் யாரும் செய்து கொடுக்கவில்லை. அவருக்கு உதவியது அந்தப் பழைய கார்களின் சுபாவம். அவை கலவையை ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காகத்தான் அழுத்தின. இன்றைய எஞ்சின்கள் பத்தில் ஒன்றாக, அதற்கும் மேலாக அழுத்துகின்றன. அவ்வளவு அழுத்தத்தில் மண்ணெண்ணெய் தன் நேரத்துக்கு முன்பே வெடித்து எஞ்சினைச் சம்மட்டியால் அடிப்பதுபோல் அடிக்கும். ஆகவே, "அந்தக் காலத்தில் ஓடவில்லையா?" என்று கேட்டுக்கொண்டு யாரும் இன்றைய காரில் பரீட்சித்துப் பார்க்க வேண்டாம்.

அந்தக் கார்களும் சும்மா தப்பவில்லை. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரிலுள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். ஒயில் தண்ணீராகும். வளையங்கள் தேயும், பிளக்கில் கரி பிடிக்கும். காரில் ஏறினால் உடம்பெல்லாம் ஆடும். பிளக்கைக் கழற்றித் துடைப்பது சாரதிக்கு வாய் கொப்பளிப்பதுபோல அன்றாட வேலையானது. தடை போய் இத்தனை வருடங்களான பிறகும், அந்த நடுக்கத்துக்கு இருந்த காரணங்கள்தான் இன்றைய காரின் நடுக்கத்துக்கும் காரணம். பொறி சரியில்லை, அல்லது கலவை சரியில்லை, அல்லது அழுத்தம் சரியில்லை. இவற்றோடு எஞ்சினைத் தாங்கும் றப்பரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உலக்கை தவறினால்

ஓர் உரலில் இருவர் மாறிமாறி மா இடிப்பதைக் கண்டிருப்பீர்கள். தாளம் ஒழுங்காக இருக்கும்வரை உரல் அசையாது. ஒருத்தி ஒரு குத்துத் தவறவிட்டால்? உரல் ஆடும், மற்றவளின் கையும் வலிக்கும். நான்கு சிலிண்டர் எஞ்சினும் அப்படித்தான். நிற்கும்போது நிமிடத்துக்கு 800 சுற்றுச் சுற்றும் எஞ்சினில் ஒரு செக்கனுக்கு 27 தடவை எரிவு நடக்கிறது. அவ்வளவு வேகமாகவும் ஒழுங்காகவும் நடப்பதால் நமக்கு ஒரு மெல்லிய இரைச்சல் மட்டுமே கேட்கிறது. நான்கில் ஒன்று வேலைநிறுத்தம் செய்தால் செக்கனுக்கு ஏறத்தாழ ஏழு குத்துத் தவறும். அந்த ஏழைத்தான் உங்கள் முதுகு உணர்கிறது. மெக்கானிக்மார் "மிஸ் அடிக்குது" என்று சொல்வது இதைத்தான்.

ஓடும்போது ஏன் தெரிவதில்லை? வேகத்தில் சுழலும் கனமான சில்லு தவறிய குத்தை மறைத்துவிடும். இன்னொன்று, நிற்கும்போது எஞ்சின் மிகக் கொஞ்சக் காற்றைத்தான் குடிக்கிறது. ஒரு பானைத் தண்ணீரில் ஒரு கரண்டி உப்புக் கூடினால் தெரியாது, ஒரு கோப்பையில் கூடினால் வாயில் வைக்கமுடியாது. சின்னக் குறை ஓடும்போது கரைந்துபோகிறது, நிற்கும்போது உறைக்கிறது.

கராஜுக்குப் போகுமுன் நீங்கள் கவனிக்கவேண்டியவை

ஒரு நல்ல வைத்தியர் மருந்து எழுதுமுன் எத்தனை கேள்வி கேட்கிறார்! காருக்கும் அதே கேள்விகள்தான். அவற்றுக்கு விடை தெரிந்தவர் தினமும் அதில் ஏறி இறங்குபவர். மெக்கானிக்கிடம் வரும்போது கார் நல்ல பிள்ளையாக நிற்கும், நீங்கள் கண்டதை அவர் காணமாட்டார்.

முதலாவதாக, எப்போது நடுங்குகிறது? காரை நிறுத்திவைத்து எஞ்சின் ஓடும்போது நடுங்கி, அக்சிலரேட்டரை இலேசாக மிதித்ததும் அடங்குகிறதா? அப்படியானால் காற்று எங்கோ கள்ளவழியில் உள்ளே போகிறது, அல்லது காற்று போகும் வாயில் கரி படிந்திருக்கிறது. ஏற்றத்திலும் பாரத்திலும் வெட்டி வெட்டி இழுக்கிறதா? பொறியில் குறை. நிற்கும்போது அமைதியாக இருந்து, ஏ9 வீதியில் 80ஐத் தாண்டும்போது மட்டும் ஸ்டியரிங் ஆடுகிறதா? அது எஞ்சினே அல்ல. ரயரின் சமநிலை பார்த்தால் போதும். இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் எஞ்சினுக்குச் செலவழித்தவர்கள் உண்டு.

ஓட்டோ கியர் காராக இருந்தால் இன்னொரு சுலபமான பரீட்சை. பிரேக்கை மிதித்தபடி 'டி'யில் வைத்தால் நடுங்குகிறது, 'என்'னுக்கு மாற்றினால் அடங்குகிறது என்றால், எஞ்சினைத் தாங்கும் றப்பர் மௌன்ற் செத்துவிட்டது என்று சந்தேகிக்கலாம். எஞ்சினில் எந்தக் குறையும் இருக்காது. இயல்பான அசைவைத் தலையணைபோல் வாங்கிக்கொண்ட றப்பர் இறுகியோ கிழிந்தோ போயிருக்கும். ஜப்பான் கார்கள் பலவற்றில் அந்தத் தலையணைக்குள் திரவமும் உண்டு, அது ஒழுகி வற்றிப்போகும். வன்னி வெயிலும் குன்றும் குழியுமான உள்வீதிகளும் றப்பருக்கு நண்பர்கள் அல்லவே.

பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் எஞ்சினின் ஓசை மாறி நடுக்கம் கூடுகிறதா? பிரேக் வழமையைவிடக் கடினமாக இருக்கிறதா? சகோதரிகளே, இதை மட்டும் நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள். எஞ்சின் உறிஞ்சும் காற்றின் பலத்தால்தான் பிரேக்குக்கு உதவி கிடைக்கிறது. அந்தக் குழாயிலோ அதன் தோலிலோ ஓட்டை விழுந்தால் நடுக்கமும் வரும், கார் நிற்கும் தூரமும் நீளும்.

பொனற்றைத் திறந்து பார்க்கக் கூச்சப்படவேண்டாம். எஞ்சின் நிறுத்தி ஆறிய பிறகு றப்பர் குழாய்களை விரலால் இலேசாக வளைத்துப் பாருங்கள். வெடிப்புத் தெரிகிறதா? ஏதாவது கழன்று தொங்குகிறதா? எலி கடித்த வயர் இருக்கிறதா? நெல் மூட்டை அடுக்கிய கொட்டிலுக்குப் பக்கத்தில் காரை நிறுத்துபவர்கள் இதைக் கட்டாயம் பார்க்கவேண்டும். எயார் பில்ற்றரை வெளியே எடுத்துத் தட்டினால் எவ்வளவு செம்மண் கொட்டுகிறது என்பதும் ஒரு பாடம். கனகராயன்குளம் பக்கம் ஒரு கோடை ஓடிய காருக்கு இது சொல்லவே வேண்டாம்.

பிளக் சொல்லும் கதை

பிளக்கைக் கழற்றுவது மெக்கானிக்கின் வேலையாக இருக்கட்டும். ஆனால் கழற்றியதும் "காட்டுங்கள் தம்பி" என்று கேட்டு வாங்கிப் பாருங்கள். அது எஞ்சினின் நாக்கு. முனை இளங்கபில நிறமாக, பிஸ்கட் நிறத்தில் இருந்தால் அந்தச் சிலிண்டர் சுகமாக இருக்கிறது. விளக்குச் சிமினிபோல உலர்ந்த கரி பிடித்திருந்தால் எரிபொருள் கூடுதலாகப் போகிறது, காற்றுப் போதவில்லை. சுண்ணாம்புபோல வெளுத்திருந்தால் நேர்மாறு, காற்றுக் கூடிவிட்டது. பெற்றோலில் நனைந்து மணத்தால் பொறியே விழவில்லை. கறுத்து ஒயில் பிசுபிசுத்தால் மட்டும்தான் கவலை. வளையமோ வால்வின் சீலோ தேய்ந்து ஒயில் மேலே வருகிறது. நான்கையும் வரிசையாக ஒரு துணியில் வைக்கச் சொல்லுங்கள். மூன்று ஒருமாதிரி, ஒன்று வேறுமாதிரி என்றால் குற்றவாளி அந்தச் சிலிண்டரில்தான் இருக்கிறான்.

வாப்பா காலத்து மொறிஸ் மைனரை இன்றும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதன் பிளக் இடைவெளி 25 'தௌ', அதாவது அங்குலத்தின் ஆயிரத்தில் 25 பங்கு. டிஸ்ரிபியூட்டருக்குள் இருக்கும் பொயின்ற் இடைவெளி 15. பொயின்ற் தேயத் தேய இந்த இடைவெளி மாறும், நடுக்கம் வரும். பாதி நோய் அதைச் சரிசெய்வதிலேயே போய்விடும். இந்தக் காரில் ஒவ்வொரு பிளக் வயராகக் கழற்றி, எதைக் கழற்றினால் ஓசை மாறவில்லை என்று பார்த்து, செத்த சிலிண்டரைக் கண்டுபிடிப்பது பழைய வழக்கம். பிந்திய காலத்து எலெக்ட்ரோனிக் கார்களில் வெறுங்கையால் அதைச் செய்யக்கூடாது. அதிர்ச்சியும் பலமானது, பழுதாகும் பொருளின் விலையும் பலமானது.

பிந்திய கார்களில் அதற்குப் பதிலாக ஸ்கேனர் இருக்கிறது. செருகினால் 'பி0301' என்று காட்டும். முதலாம் சிலிண்டர் தவறுகிறது என்று பொருள். 02 என்றால் இரண்டாவது, 00 என்றால் ஒன்றென்று இல்லாமல் பலதும். ஆனால் ஸ்கேனர் இடத்தைத்தான் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. "கொயில் போய்விட்டது, புதிது போடவேண்டும்" என்றால் ஒரு கேள்வி கேளுங்கள்: "அந்தக் கொயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் பார்த்தீர்களா?" மாற்றியதும் குறையும் அங்கே போனால் கொயில்தான். போகாவிட்டால் கொயில் நிரபராதி. இதற்கு ஒரு சதமும் செலவில்லை. டாஷ்போர்டில் எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் மட்டும் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். எரியாத பெற்றோல் புகைக்குழாயிலுள்ள வடிகட்டியில் போய் எரிந்து அதை உருக்கிவிடும்.

பற்றரியைக் கழற்றி மாட்டிய மறுநாள் நடுக்கம் தொடங்கியதா? பயப்படாதீர்கள். சில கார்களின் கணினி தான் பழகிய அளவை மறந்துவிடும், கொஞ்சம் ஓடிய பின் திரும்பக் கற்றுக்கொள்ளும். அதற்காகப் பாகம் எதுவும் வாங்கவேண்டியதில்லை.

பெற்றோலில் என்ன இருக்கிறது?

நிரப்பிய அன்றோ மறுநாளோ நடுக்கம் தொடங்கினால் எரிபொருளைச் சந்தேகியுங்கள். 2022இல் பெற்றோல் லீற்றர் 400 ரூபாயைத் தாண்டியபோது மண்ணெண்ணெய் 87 ரூபாய்தான். அந்த ஓகஸ்ட்டில்தான் அது 340 ஆக உயர்ந்தது. அப்படியொரு வித்தியாசம் இருந்தால் கலப்பவனுக்குக் கை அரிக்காதா? வரிசையில் நின்று வாங்கிய பெற்றோலைக் கானிலும் பரலிலும் மாதக்கணக்கில் வைத்திருந்தவர்களும் உண்டு. வெயிலில் கிடந்த பெற்றோல் தன் வீரியத்தை இழந்துவிடும்.

திறந்த வெளியில், அடுப்பும் சிகரெட்டும் இல்லாத இடத்தில், ஒரு வெள்ளைக் கடதாசியில் இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள். நல்ல பெற்றோல் சில நிமிடங்களில் அடையாளமே இல்லாமல் பறந்துவிடும். எண்ணெய் வட்டம் மிஞ்சினால் மண்ணெண்ணெயோ டீசலோ கலந்திருக்கலாம். எஞ்சினின் ஒயில் கம்பியை இழுத்து மணந்து பார்ப்பது இன்னொரு வழி. அதில் பெற்றோலோ மண்ணெண்ணெயோ மணத்தால் ஒயில் கழுவுண்டு போகிறது, மாற்றவேண்டும்.

தண்ணீரும் ஒரு எதிரி. 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கியபோது எத்தனை வாகனங்கள் நீரில் நின்றன! அப்படி நின்ற காரை வெயில் வந்ததும் சாவி போட்டுக் கிளப்புவதைப்போல மடத்தனம் வேறில்லை. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் உள்ளேயிருக்கும் தண்டே வளைந்துவிடும். முதலில் பற்றரியைக் கழற்றி, ஒயிலையும் தாங்கியையும் வடித்துப் பார்க்கவேண்டும். பழைய காரை வாங்கப் போகிறவர்கள், நடுக்கத்தோடு ஆசனத்தின் அடியில் சேற்று மணமும் இருந்தால் விலை பேசுமுன் எழுந்து வந்துவிடுங்கள்.

எஞ்சினைத் திறக்கச் சொன்னால்

மேலே சொன்ன எல்லாம் பார்த்து முடிந்த பின்னும் நடுக்கம் போகவில்லையா? அப்போதுதான் அழுத்தத்தின் முறை. "கொம்பிரஷன் எவ்வளவு? நான்கு சிலிண்டருக்கும் தனித்தனியே எழுதித் தாருங்கள்" என்று கேளுங்கள். மானியை ஒவ்வொரு பிளக் துளையிலும் பொருத்தி அளப்பது அரைமணி வேலை. நான்கும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் எஞ்சினைத் திறக்கக் காரணம் வேறு வேண்டும். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அந்தத் துளையில் கொஞ்சம் ஒயில் விட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அளவு ஏறினால் வளையம் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வு. 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் நம் நாட்டில் நிறுத்தப்பட்டது. நம் மூச்சுக்கு அது நல்லதே. ஆனால் ஈயத்தை நம்பிச் செய்யப்பட்ட அந்தப் பழைய பிரித்தானிய எஞ்சின்களின் வால்வு இருக்கைகள் அதன் பிறகு சீக்கிரம் தேயத் தொடங்கின. அவற்றுக்கு இந்த அளவை அவசியம். எண்கள் இல்லாமல் "எஞ்சின் செய்யணும்" என்று வாய்வார்த்தையாகச் சொல்பவரிடம் காரை விட்டு வரவேண்டாம்.

வருடாந்த வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் தேவை அல்லவா? எஞ்சின் நிலையாக நிற்காத கார் அங்கே தோற்பது வழக்கம். தோற்றால் தரும் துண்டை வீசிவிடாதீர்கள். காபனோரொட்சைட்டு கூடுதல் என்றால் கலவையில் எரிபொருள் கூடிவிட்டது. ஐதரோகாபன் கூடுதல் என்றால் எரியாமல் வெளியேறுகிறது, பொறியைப் பார்க்கவேண்டும். மெக்கானிக்குக் கொடுக்க இதைவிட நல்ல குறிப்பு இல்லை.

அந்தக் காபனோரொட்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. உதறுகிற எஞ்சின் அதை அதிகமாகக் கக்கும். சைலன்சரிலும் ஓட்டை இருந்தால் அது காருக்குள்ளேயே வரலாம். தூரப் பயணத்தில் காரை ஓரமாக நிறுத்தி, கண்ணாடியை ஏற்றி, ஏசியைப் போட்டுக்கொண்டு பிள்ளைகளைத் தூங்கவைக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. நடுங்கும் காரில் அதைச் செய்யவே செய்யாதீர்கள். மூடிய கொட்டிலுக்குள் எஞ்சினை ஓடவிட்டு "சத்தம் கேட்டுப் பார்ப்பதும்" வேண்டாம். காரை முற்றத்துக்குத் தள்ளிக் கொண்டுவந்த பிறகு கிளப்புங்கள். பின்னால் ஓர் ஆள் நின்று புகைக்குழாயின் வாயருகே நீண்ட குச்சியில் ஒரு கடதாசித் துண்டைப் பிடிக்கட்டும். சீராக வெளியே தள்ளினால் நல்லது. இடையிடையே உள்ளே இழுத்தால், வால்வு எரிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி மெக்கானிக்கிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.